களைப்பது வீரனா, விளையாடுகிறவனா?

ரொம்ப நாளாக எழுதணும் என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம். போன வாரம் மெஸ்ஸில் நடந்த சண்டைக்கு அப்புறம் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று ஆகிவிட்டது. சண்டை எதைப் பற்றி என்று கேட்டால் சிரிப்பீர்கள். கற்பனை உலக ரோல்பிளேயிங் கேம்களில் ஹீரோவுக்கு மூச்சு வாங்கலாமா, கூடாதா?

ஒரு பக்கம் 'ரியலிசம்' கட்சி. "இருபது கிலோ கவசத்தைப் போட்டுக்கிட்டு மலை ஏறுறவனுக்கு மூச்சு வாங்காதா? வாங்கணும்டா, அதான் நியாயம்." எதிர்ப்பக்கம் 'ஜாலி' கட்சி. "டிராகன் பறக்குது, கையில் நெருப்பு வருது, அங்கே போய் இவன் நுரையீரலுக்குக் கணக்குப் பார்க்கிறியா? அந்த பச்சைக் கோட்டைத் தூக்கிக் குப்பையில் போடு." இரண்டு பக்கமும் ரசம் ஆறுகிற வரைக்கும் கத்தினார்கள். நானும்தான்.

என் கட்சி மூன்றாவது. இரண்டு பேரும் தப்பு. ரியலிசத்தையும் ஜாலியையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து 'பாதி பாதி' என்று நிறுக்கிற இந்த வழக்கமே தப்பு. ஸ்டாமினாவைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். களைப்பது யார்? திரையில் இருக்கிற வீரனா, அல்லது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நானா?

முதலில் என் பாவத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன செமஸ்டரில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினோம். நான்தான் கதை நடத்துகிறவன். அப்போது எனக்கு ரியலிசப் பைத்தியம் முற்றியிருந்த நேரம். தண்ணீர்ப் பை எத்தனை மடக்கு, யார் எவ்வளவு நேரம் தூங்கினான், கயிறு எத்தனை கிலோ, காசு எத்தனை கிலோ என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. (ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஐம்பது காசு ஒரு பவுண்டு. விளையாட்டாக இல்லை, உண்மையிலேயே விதிப்புத்தகத்தில் இருக்கிறது!) அந்த விதிகளில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் நிம்மதியாக நடக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் பகடை போட்டுத் தப்பிக்க வேண்டும், தவறினால் ஒரு படி களைப்பு. 2014ல் வந்த விதிகளில் களைப்புக்கு ஆறு படி உண்டு. இரண்டாவது படியில் வேகம் பாதி. மூன்றாவது படியில் அடிக்கும்போது இரண்டு பகடை போட்டுச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். ஆறாவது படியில் ஆளே காலி.

மூன்று மணி நேர ஆட்டத்தில் இரண்டரை மணி நேரம் நாங்கள் ஒரு பாலைவனத்தைக் கடந்தோம். அதாவது நான் மொபைல் கால்குலேட்டரில் தண்ணீரைக் கழித்தேன், மற்ற நான்கு பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். கடைசியில் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் போர்வீரன் மூன்றாம் படிக் களைப்பில் இருந்தான். ஐந்து தடவை வாளை வீசினான். ஐந்தும் காற்றில். பகடையை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது, "ரெக்கார்ட் எழுதணும் மச்சி" என்றான். அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சமர்ப்பிக்கிற நாளுக்கு முதல் நாள் ராத்திரிக்கு முன்னால் ரெக்கார்ட் நோட்டைத் தொட்டதே கிடையாது அவன்.

அன்றைக்குக் களைத்தது அவனுடைய போர்வீரன் இல்லை. அவன்தான். நான் எழுதிய விதி அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டது. நல்ல நண்பன் ஒருவன் விளையாட்டிலிருந்து போய்விட்டான். அதற்கு என் பதில் "ஆனா அது ரியலிஸ்டிக்டா" என்பதாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

சரி, ரியலிசக் கட்சியின் நல்ல வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஏனென்றால் அவர்களிடம் சரக்கு இருக்கிறது.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆஸ்க்யூவும் அவர் குழுவும் 15ஆம் நூற்றாண்டு பாணி முழு உலோகக் கவசத்தை ஆட்களுக்கு மாட்டி டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டார்கள். முடிவுகள் 2011ல் வெளிவந்தன. கவசத்தோடு நடக்க, வெறும் உடம்போடு நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகியிருக்கிறது. ஓடும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெறும் எடை மட்டும் காரணம் இல்லை. கால்களிலும் உலோகம் இருப்பதால் ஒவ்வொரு எட்டிலும் அதையும் சேர்த்து வீச வேண்டியிருக்கிறது. மார்புக் கவசம் இறுக்கிப் பிடிப்பதால் ஆழமாக மூச்சும் விட முடிவதில்லை. அதனால் குட்டிக் குட்டியாக, அடிக்கடி மூச்சு விட்டிருக்கிறார்கள்.

கவசமே வேண்டாம், வெறும் ஓட்டத்தைப் பாருங்கள். உசேன் போல்ட் 2009ல் நூறு மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அதே வேகத்தில் நானூறு மீட்டர் ஓடினால் 38.32 நொடி ஆகணும். ஆனால் 2016 ஒலிம்பிக்கில் வேய்ட் வான் நீகெர்க் உலக சாதனை படைத்தபோது ஆன நேரம் 43.03 நொடி. பயிற்சியின் உச்சத்தில் இருக்கிற மனித உடம்பே நாற்பது நொடிக்கு முழு வேகத்தைத் தாங்காது. ஆக, வாளை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் சுழற்றுகிற ஹீரோ சுத்த உடான்ஸ்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கையே இன்னும் கொஞ்சம் தோண்டினால் ரியலிசக் கட்சி கவிழ்ந்துவிடும். களைப்பு என்பது ஒரு பொருள் இல்லை. குறைந்தது மூன்று இருக்கிறது. ஒன்று, நொடிக் கணக்கில் வருவது. படியேறினால் வருகிற மூச்சிரைப்பு. நின்றால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இரண்டு, மணிக் கணக்கில் வருவது. நாள் முழுக்க நடந்த கால்வலி, பசி. சாப்பிட்டு உட்கார்ந்தால் போகும். மூன்று, நாள் கணக்கில் வருவது. தொடர்ந்து தூக்கம் கெட்டால் வருகிற அசதி. பரீட்சை வாரத்தில் நமக்கு இருப்பது இதுதான் :-) இந்த மூன்றும் வேறு வேறு கடிகாரம். ஒன்று வேகமாக ஓடும்போது இன்னொன்று அசையவே அசையாது.

கேம் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மூன்றையும் ஒரே கோட்டுக்குள் திணிக்கிறார்கள். கொஞ்சம் ஓடினாலும் அதே கோடு குறையும், வாள் வீசினாலும் அதே கோடு குறையும், தூங்கினால் அதே கோடு ஏறும். இது ரியலிசமே இல்லை. ரியலிசம் மாதிரி தெரிகிற ஒரு குழப்பம்.

இதற்கு நான் பார்த்ததில் மிகச் சுத்தமான உதாரணம் 2002ல் வந்த மாரோவிண்ட். எனக்கு ரொம்பப் பிடித்த கேம் என்பதால் உரிமையோடு திட்டுகிறேன். அதில் ஓடினால் தெம்பு குறையும். அதுவரை சரி. ஆனால் அந்தத் தெம்பு அடி படுமா படாதா என்பதைத் தீர்மானிக்கிற சூத்திரத்திலும் உட்கார்ந்திருக்கிறது. ஆயுதத் திறமை, அதோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதோடு அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகையைத் தெம்பு முழுசாக இருந்தால் 1.25 ஆலும், சுத்தமாக இல்லாவிட்டால் 0.75 ஆலும் பெருக்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிற ஒருவனை எடுத்துக்கொள்வோம். திறமை 30, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40. கூட்டினால் 30 + 8 + 4 = 42. தெம்போடு இருந்தால் நூற்றுக்கு 52 அடி படும். ஓடி வந்து களைத்திருந்தால் 31. இதில் எதிராளி விலகுகிற சாமர்த்தியத்தை வேறு கழிக்கணும்.

புதிதாக வருகிறவன் என்ன செய்வான்? உலகம் பெரிது, ஊருக்கு ஊர் தூரம், அதனால் ஓடுவான். வழியில் ஒரு சேற்று நண்டு வரும். வாளை வீசுவான். வாள் நண்டுக்குள் புகுந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடி படாது. மறுபடியும் படாது. 'இது என்னடா உடைந்த கேம்' என்று மூடி வைத்துவிடுவான். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு காலியாகக் கிடந்ததுதான் காரணம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மந்திரம் பலிப்பதும், கடைக்காரரிடம் பேரம் படிவதும்கூட அதே தெம்பைப் பொறுத்ததுதான். மூச்சிரைக்கக் கடைக்குள் ஓடிப்போனால் விலை படியாது! யோசித்துப் பார்த்தால் அழகான கற்பனை. ஆனால் விளையாடுகிறவன் செய்யக்கூடியது என்ன? கடை வாசலில் சும்மா நிற்பது. நான் நின்றிருக்கிறேன். நின்றது என் வீரன் இல்லை, நான்.

அதே தொடரில் 2006ல் வந்த ஆப்லிவியனில் இதை உணர்ந்து மாற்றினார்கள். ஓடினால் தெம்பு இறங்காது, ஏறுவது மட்டும் மெதுவாகும். வாளும் பட்டால் படும், அடியின் பலம் மட்டும் தெம்பைப் பொறுத்துக் கூடிக் குறையும். 2011ல் வந்த ஸ்கைரிமில் சாதாரண ஓட்டத்துக்குச் செலவே கிடையாது. வேக ஓட்டத்துக்கும் ஓங்கி அடிப்பதற்கும் மட்டும்தான். நல்ல திசை. ஆனால் அங்கே வேறு ஒரு கூத்து. கொஞ்சூண்டு ஸ்டாமினா இருந்தாலே ஓங்கி அடிக்கலாம், அடியின் முழு விலையும் இருக்கணும் என்று அவசியமில்லை. அந்த கேமில் காய்கறி சூப் என்று ஒன்று உண்டு. முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் மாதிரி ஒரு லீக், உருளைக்கிழங்கு, தக்காளி, அவ்வளவுதான். குடித்தால் 720 நொடிக்கு, அதாவது பன்னிரண்டு நிமிஷத்துக்கு, நொடிக்கு ஒரு புள்ளி ஸ்டாமினா ஏறிக்கொண்டே இருக்கும். விளைவு? ஒரு டம்ளர் சூப்பைக் குடித்துவிட்டு பன்னிரண்டு நிமிஷம் நிறுத்தாமல் ஓங்கி ஓங்கி வெட்டலாம். டிராகனைக் கொன்றது வீரம் இல்லை, முட்டைக்கோஸ். ஹி ஹி.

இதைப் பார்த்துத்தான் ஜாலி கட்சி துள்ளும். "பாத்தியா, கடைசியில் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லாமப் போச்சுல்ல? அப்புறம் எதுக்குடா அது? எடுத்துரு." நில்லுங்கள், உங்கள் முறையும் வந்துவிட்டது.

அதே 2011ல்தான் டார்க் சோல்ஸும் வந்தது. அதில் ஸ்டாமினாவை எடுத்துவிட்டுப் பாருங்கள், கேமே இல்லை. வாள் வீச, உருண்டு தப்பிக்க, கேடயத்தில் அடி வாங்க, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கோடு. எதிராளி முன்னால் நிற்கிறான். இரண்டு வெட்டு வெட்டிவிட்டேன். மூன்றாவது வெட்டலாம், ஆசையாக இருக்கிறது, அவன் உயிரும் கொஞ்சம்தான் பாக்கி. ஆனால் வெட்டினால் உருள்வதற்குக் கோட்டில் எதுவும் மிச்சமிருக்காது. வெட்டவா, விடவா? அரை நொடிதான் நேரம். இந்தக் கேள்விதான் அந்த கேம். பேராசைப்பட்டவன் சாவான். நான் செத்திருக்கிறேன், எண்ணிக்கை வேண்டாம்.

கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டாமினா மெதுவாகத்தான் ஏறும். அதனால் மூச்சு வாங்கணும் என்றால் கேடயத்தை இறக்கணும், இறக்கினால் உடம்பு திறந்து கிடக்கும். கவசத்தின் எடைக்கும் இதே மாதிரி தெளிவான கணக்கு. தாங்கும் அளவில் கால் பங்குக்குள் இருந்தால் வேகமாக உருளலாம், பாதிக்குள் இருந்தால் சுமாராக, அதற்கு மேல் போனால் மூட்டை விழுகிற மாதிரி விழுவோம். பார்த்தாலே புரியும். சூத்திரம் தெரிய வேண்டியதில்லை.

இப்போது கவனியுங்கள். இது ரியலிஸ்டிக்கா? துளிக்கூட இல்லை. காலியான கோடு சில நொடியில் முழுசாக நிரம்பிவிடுகிறது. எந்த மனுஷனுக்கும் அப்படி நிரம்பாது. நாள் முழுக்கச் சண்டை போட்டாலும் கால் வலிக்காது, தூக்கம் வராது. மூன்று களைப்பில் இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, நொடிக் களைப்பு ஒன்றை மட்டும் எடுத்து அதையும் இஷ்டத்துக்கு வேகப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் விளையாடினவர்களைக் கேளுங்கள், எந்த கேம் சண்டை நிஜமாக உணர வைத்தது என்று. இதைத்தான் சொல்வார்கள். உள்ளங்கை வியர்ப்பதே சாட்சி. உண்மை சூத்திரத்தில் இல்லை, 'இன்னும் ஒரு அடி அடிக்கலாமா' என்ற அந்த பயத்தில் இருக்கிறது. அதை ஜாலி கட்சி குப்பையில் போடச் சொல்கிறது.

ஆனால் டார்க் சோல்ஸிலும் ஒரு சின்ன மொக்கை இருந்தது. எதிரியே இல்லாத நீளமான பாதையில் ஓடினாலும் கோடு குறையும். அங்கே எந்தக் கேள்வியும் இல்லை, ஓடு, நில், ஓடு, நில், அவ்வளவுதான். 2022ல் அதே நிறுவனம் எல்டன் ரிங் கொண்டுவந்தபோது அதைச் சரி செய்தார்கள். பக்கத்தில் சண்டை இல்லையென்றால் எவ்வளவு ஓடினாலும் ஸ்டாமினா குறையாது. எதிரி வந்த அடுத்த கணம் குறைய ஆரம்பிக்கும். ரியலிசக் கண்ணால் பார்த்தால் இதைப் போல அபத்தம் கிடையாது. எதிரி பார்த்தால்தான் மூச்சு வாங்குமா? ஆனால் விளையாடும்போது ஒருவருக்கும் உறுத்தவில்லை. எங்கே முடிவெடுக்க வேண்டியிருக்கிறதோ அங்கே மட்டும் விலை. மற்ற இடத்தில் என் நேரம் எனக்கு.

"அப்போ நிஜமான ரியலிசத்துக்கு இடமே இல்லையா?" இருக்கிறது. 2018ல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ் பாருங்கள். கற்பனை உலகம் இல்லை, 1403ல் பொஹீமியா. டிராகன் கிடையாது, மந்திரம் கிடையாது. கதாநாயகன் ஒரு கொல்லன் மகன், வாள் பிடிக்கவே தெரியாதவன். அங்கே காயம் பட்டு உயிர் குறைந்தால் ஸ்டாமினாவின் உச்சமும் சேர்ந்து குறையும். ஸ்டாமினா தீர்ந்துபோய் நின்றால் வாங்குகிற அடி எல்லாம் நேராக உயிருக்கு. ஒரு காயம் பட்டால் போதும், சண்டையே நம் கையை விட்டு நழுவுகிற மாதிரி இருக்கும். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடுப்புதான் கதை. ஒன்றும் தெரியாத பையன் பயிற்சி எடுத்து, நல்ல கவசம் சேர்த்து, இருபது மணி நேரம் கழித்து அதே மாதிரி வழிப்பறிக்காரனைச் சமாளிக்கும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வராது. அங்கே வீரன் களைக்கிறான், நான் கற்றுக்கொள்கிறேன். அதனால் மன்னித்துவிடலாம். மாரோவிண்டில் கடை வாசலில் நின்று நான் என்ன கற்றுக்கொண்டேன்?

களைப்பை வைத்து ஒரு நல்ல யோசனையைக் கொல்வது எப்படி என்றும் ஒரு உதாரணம் இருக்கிறது. மறுபடியும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014. அதில் வெறி பிடித்துச் சண்டை போடுகிற ஒரு வகை வீரன், பெர்செர்க்கர். அவனுடைய பெரிய வித்தை 'வெறியாட்டம்'. ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக ஒரு அடி. கேட்கவே நன்றாக இருக்கிறதா? வெறி அடங்கியதும் ஒரு படி களைப்பு. ஒரு இரவு முழுக்கத் தூங்கினால் ஒரே ஒரு படிதான் இறங்கும். ஆக ஒரே நாளில் இரண்டு முறை வெறி பிடித்தால் மறுநாள் காலையிலும் ஒரு படி பாக்கி, மூன்று முறை பிடித்தால் அன்றைக்கே அடிக்கிற பகடையே பாழ். விலை நிஜம் மாதிரி இருக்கலாம். ஆனால் அந்த விலைக்குப் பயந்து அந்த வித்தையைத் தொடாமலே விளையாடினால், அதற்காகவே அந்த வீரனைத் தேர்ந்தெடுத்தவனுக்கு என்ன மிச்சம்? 2024ல் வந்த திருத்திய விதிகளில் வெறியாட்டத்திலிருந்து களைப்பையே எடுத்துவிட்டார்கள். களைப்புப் படிகளையும் சுலபமாக்கினார்கள். ஒரு படிக்கு பகடையில் இரண்டு குறை, நடையில் ஐந்து அடி குறை. ஆறாவது படியில் மட்டும் பழையபடி மரணம். பத்து வருஷம் கழித்து விதியை எழுதியவர்களே மாற்றிக்கொண்டார்கள். என் அறையில் நான் மாற்றிக்கொள்ள ஒரு செமஸ்டர் ஆனது, பரவாயில்லை.

இன்னொரு நல்ல பாடம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004ல் வெளியாவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில், ரொம்ப நேரம் விளையாடினால் கிடைக்கிற அனுபவப் புள்ளி பாதியாகும் என்று வைத்திருந்தார்கள். சோதித்தவர்கள் கொதித்தார்கள். உடனே பேச்சைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இரட்டிப்பு, ஓய்வு தீர்ந்தால் 'சாதாரணம்'. கணக்கு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 'களைத்துவிட்டாய், பாதிதான்' என்பதற்கும் 'தெம்பாக இருக்கிறாய், இரண்டு மடங்கு' என்பதற்கும் உள்ள தூரம், திட்டுகிற வாத்தியாருக்கும் தட்டிக்கொடுக்கிற வாத்தியாருக்கும் உள்ள தூரம். 2021ல் வந்த வால்ஹெய்மும் இதே வழி. சாப்பிடாவிட்டால் பட்டினியில் சாக மாட்டோம். ஆனால் நன்றாகச் சாப்பிட்டால் உயிரும் ஸ்டாமினாவும் உயரும். அதனால் சமைப்பது வரியாகத் தெரியாது, போருக்குப் போவதற்கு முன் கட்டுகிற கட்டுச்சோறு மாதிரி தெரியும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். மேலே சொன்னதெல்லாம் நல்லெண்ணத்தில் செய்த தப்புகள். ஆனால் ஸ்டாமினா என்ற அதே யோசனையை எடுத்துக்கொண்டு போய்க் கடை போட்ட ஆட்களும் உண்டு. மொபைல் கேம்களில் 'எனர்ஜி தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள், அல்லது காசு கொடுங்கள்' என்று வருமே, அது. 2020ல் வந்த கென்ஷின் இம்பாக்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட வசதி. ஓட, மலையேற, சறுக்கிப் பறக்க ஒரு மஞ்சள் கோடு. அது நல்ல ஸ்டாமினா. பாதி மலையில் இருக்கும்போது 'மேலே போகிற வரைக்கும் தாங்குமா' என்று பதற வைக்கும். இன்னொன்றின் பெயர் ரெசின். முக்கியமான பரிசுகளை எடுக்க அது வேண்டும். எட்டு நிமிஷத்துக்கு ஒன்று ஊறும். உச்சம் 160 ஆக இருந்தபோது காலியிலிருந்து நிரம்ப 1280 நிமிஷம், அதாவது 21 மணி 20 நிமிஷம். 2024ல் உச்சத்தை 200 ஆக்கினார்கள், அப்போது 26 மணி 40 நிமிஷம். காத்திருக்கப் பொறுமை இல்லையா, கேமுக்குள் காசு கொடுத்து வாங்கக்கூடிய கல்லை வைத்து நிரப்பிக்கொள்ளலாம்.

இங்கே யார் களைக்கிறார்கள்? திரையில் இருக்கிற வீரன் நன்றாகத்தான் இருக்கிறான். ஓடுகிறான், குதிக்கிறான். களைப்பு முழுக்க நம் தலையில். கடிகாரத்தைப் பார்க்கிறவன் நான், நிரம்பி வழிந்து வீணாகிவிடுமோ என்று பஸ்ஸில் மொபைலைத் திறக்கிறவன் நான். நம் வகுப்பிலேயே லேப் நடுவில் 'நிரம்பிடுச்சு, ஒரு நிமிஷம்' என்று வெளியே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். (பெயர் சொல்ல மாட்டேன், கவலை வேண்டாம்.) இதற்கும் யாராவது 'ரியலிசம், எல்லாருக்கும் ஓய்வு வேண்டும்தானே' என்று முட்டுக் கொடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல ஸ்டாமினா என் கையில் ஒரு முடிவைக் கொடுக்கிறது. இது என் கையிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டு, அதையே எனக்குத் திருப்பி விற்கிறது.

சரி, நல்ல ஸ்டாமினா விதி எப்படி இருக்கணும்? பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். நமக்குத் தெரிந்த விளையாட்டிலேயே இருக்கிறது. சடுகுடு.

பழைய சடுகுடுவில் பாடிப் போகிறவனுக்கு ஒரே மூச்சு. பாட்டு அறுந்தால் அவுட். மனித உடம்பின் அத்தனை களைப்பிலும் நம் ஆட்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், ஒரு மூச்சு. கால்வலியை யாரும் எண்ணுவதில்லை. மைதானத்துக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்து வந்தாய் என்று நடுவர் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு மூச்சை என்ன செய்தார்கள் பாருங்கள், வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். கோடு தேவையில்லை, காது போதும். எதிரணி ஏழு பேருக்கும் கேட்கிறது, குரல் தேய ஆரம்பித்தால் அவர்களுக்கும் தெரிகிறது. தொட்டுவிட்டுத் திரும்புவதா, இன்னொருவனையும் தொட ஆசைப்படுவதா? தம் தாங்குமா? டார்க் சோல்ஸின் மூன்றாவது வெட்டு அப்படியே இங்கே இருக்கிறது. இன்றைய போட்டிக் கபடியில் ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி என்று கடிகாரமும் வந்துவிட்டது. அப்போதும் அடிப்படை அதேதான். செலவு, ஆபத்து, ஆசை மூன்றும் ஒரே இடத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

ஆக மூன்று சோதனை. ஒன்று, இந்தக் களைப்பு எனக்கு ஒரு முடிவைக் கொடுக்கிறதா, அல்லது காத்திருக்க மட்டும் வைக்கிறதா? இரண்டு, சூத்திரம் தெரியாதவனுக்கும் அது கண்ணில் படுகிறதா, காதில் விழுகிறதா? மூன்று, செலவாவது வீரனின் மூச்சா, என் நேரமா? மூன்றும் தேறினால் அது எவ்வளவு பொய்யான கணக்காக இருந்தாலும் இருக்கட்டும். தேறாவிட்டால் எவ்வளவு நிஜமாக இருந்தாலும் வெட்டி எறியலாம்.

போன மாதம் நாங்கள் மறுபடி விளையாட ஆரம்பித்தோம். தண்ணீர்க் கணக்கு, காசு எடை எல்லாம் போயே போச்சு. அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் சண்டை ஆரம்பிக்கும்போது ஐந்து புளியங்கொட்டை. ஓங்கி அடிக்க ஒன்று, பாய்ந்து ஓட ஒன்று, விலகித் தப்பிக்க ஒன்று. ஒரு முறை எதுவும் செய்யாமல் மூச்சு வாங்கினால் இரண்டு திரும்பக் கிடைக்கும். கனமான கவசம் போட்டவனுக்கு நான்கு கொட்டைதான், லீட்ஸ் ஆராய்ச்சிக்கு என்னுடைய மரியாதை அவ்வளவு. கொட்டை மேஜை மேலேயே இருக்கும், யாரிடம் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். சண்டை முடிந்தால் எல்லாம் நிரம்பிவிடும். நடப்பதற்கு, கடைக்குப் போவதற்கு, பேசுவதற்கு எதற்கும் செலவு கிடையாது.

நம் போர்வீரனையும் கூப்பிட்டேன். சும்மா பார்க்கிறேன் என்று வந்து கட்டிலில் உட்கார்ந்தான். இரண்டாவது சண்டையில் இறங்கிவிட்டான். கடைசியில் பூதத்துக்கு முன்னால் அவனிடம் ஒரே ஒரு புளியங்கொட்டை. அடித்தால் விலக முடியாது, விலகினால் பக்கத்தில் விழுந்து கிடக்கிற மந்திரவாதி காலி. கொட்டையை விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே அரை நிமிஷம் யோசித்தான். அறையில் ஒருத்தரும் ஃபேனைப் பார்க்கவில்லை.

அடித்தான். பகடை மோசம், அடி படவில்லை. பூதம் அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், எல்லாரும் சிரித்தோம். போகும்போது, "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான். ரெக்கார்ட் இன்னும் எழுதவில்லை.

டிஸ்கி: மெஸ் சண்டையில் ஜாலி கட்சித் தலைவராக இருந்தவர் இதைப் படித்துவிட்டு 'அப்போ நான் சொன்னதுதானே சரி' என்று கிளம்புவார் என்று தெரியும். இல்லை ஐயா. நீங்கள் கோட்டையே எடுக்கச் சொன்னீர்கள். நான் அதை நடைபாதையிலிருந்து எடுத்துச் சண்டைக்களத்தில் வைக்கச் சொல்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்களுக்கும் ஐந்து கொட்டை எடுத்து வைக்கிறேன். :-)